ஏழாம் நம்பர் மேசை

சிவகாமி விலாஸ் சைவச் சாப்பாட்டு ஹோட்டல் மூடிய பதினோராம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, அந்த ஹோட்டலின் ஏழாம் நம்பர் மேசை தன் நான்கு கால்களால் தேரடித் தெருவில் நடந்து, பூக்கடை முக்கில் திரும்பி, ரயில்வே கேட் அடைத்திருந்ததால் இரண்டு ஆட்டோக்களுக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவில் பொறுமையாக நின்று, பாசஞ்சர் வண்டி போய்க் கேட்டைத் திறந்ததும் எல்லோரோடும் சேர்ந்து தண்டவாளத்தைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் ஏறி, கறிக்கோட்டை ரெஸ்டாரண்டுக்குள் நுழைந்தது. கேட்கீப்பர் அதைப் பார்த்தார். "தண்டவாளத்துல கால் மாட்டிக்கிடாமப் போ" என்று மட்டும் சொன்னார். ஆலங்கரை ஊர் ஆச்சரியப்படவே இல்லை என்று சொன்னால் அது பொய். கால் மணி நேரம் ஆச்சரியப்பட்டார்கள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

அது இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் மேசை. தேக்குக் கால்கள், மேலே வெள்ளைச் சலவைக்கல், கல்லின் நடுவில் சாம்பார் வாளி வைத்து வைத்து விழுந்த மஞ்சள் வட்டம், பக்கவாட்டுச் சட்டத்தில் பச்சைப் பெயிண்டில் ஏழு என்ற எண். நான்கு கால்களில் ஒன்று மட்டும் அரை விரல் குட்டை. ஹோட்டலில் கிடந்த காலமெல்லாம் அந்த மேசை ஆடிக்கொண்டேதான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம் தவிர. ஞாயிறு மதியம் அதில் கோமதிநாயகமும் வேதமாணிக்கமும் வந்து உட்காருவார்கள். உட்காரும் முன்னால் வேதமாணிக்கம் குனிந்து, சட்டைப் பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டையோ மருந்துக்கடைச் சீட்டையோ நாலாக மடித்து அந்தக் குட்டைக் காலுக்கு அடியில் செருகுவார். அதற்குப் பிறகுதான் இலை போடச் சொல்லுவார். கோமதிநாயகத்தின் வேட்டியில் ரசம் சிந்திவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

இரண்டு பேரும் சர்வே இலாகாவில் ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் சங்கிலியின் தலையைப் பிடிக்க, ஒருவர் வாலைப் பிடிக்க, அந்த வட்டாரத்தில் அவர்கள் அளக்காத வயல் கிடையாது, குளம் கிடையாது, அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட வரப்பு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் கிடந்துவிட்டு வந்த பசியில், "எங்கவே சாப்பிடுவீரு?" என்று வேதமாணிக்கம் கேட்டார். "எனக்குச் சைவம்தான்வே ஆகும். பக்கத்துல கறி வாசனை வந்தாலே சோறு இறங்காது" என்றார் கோமதிநாயகம். "அப்பம் சைவத்துக்கே போவம்" என்றார் வேதமாணிக்கம். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு பேச்சுக்குள் முப்பத்தோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கிவிட்டன. ஊரையெல்லாம் அளந்த கோமதிநாயகம் அதை மட்டும் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. வேதமாணிக்கம் வடக்குத் தெருக்காரர். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக ஹோட்டலுக்கு வந்துவிடுவார். வடக்குத் தெரு முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கிற நேரம் அது, வாரம் முழுக்கக் காத்திருந்து வருகிற வாசனை. அந்த வாசனைக்கு நடுவே நடந்துதான் அவர் கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்கு வந்துகொண்டிருந்தார் என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நினைத்துப் பார்ப்பது வேறு.

ஆலங்கரையில் ஒரு காலத்தில் ஏழு சைவ ஹோட்டல்கள் இருந்தன. இரண்டே வருஷத்தில் ஊருக்கு என்ன வந்ததோ, ஒன்று வாளி பிரியாணிக்குப் போனது, ஒன்று மூங்கில் பிரியாணிக்குப் போனது, ஒன்றில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்து மந்தி என்ற அரபு நாட்டுக் கறிச்சோற்றைத் தின்றார்கள், ஒன்றின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழிகள் கம்பியில் வரிசையாகக் குந்திச் சுற்றிச் சுற்றி வந்து ரோட்டைப் பார்த்தன. மெனு கார்டு பத்திர ஆபீஸ் புத்தகம் கணக்காகத் தடித்தது. அதில் சைவம் என்பது கடைசிப் பக்கத்தில், ஐஸ்கிரீமுக்கும் கீழே, 'மற்றவை' என்ற தலைப்பில் நாலே வரியாகக் கிடந்தது. அந்த நாலிலும் இரண்டு எப்போது கேட்டாலும் தீர்ந்துபோயிருக்கும். சிவகாமி விலாஸ் ஒன்றுதான் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு புதன்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டது. சாமான்களையெல்லாம் பழைய சாமான்காரர் வந்து ஏற்றினார். ஆறு மேசைகள் வண்டியில் ஏறின. ஏழாவதை நாலு பேர் சேர்ந்து தூக்கியும் தரையை விட்டுக் கிளப்ப முடியவில்லை. சலவைக்கல் கனம் என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கோமதிநாயகத்துக்கு வாரத்தில் ஆறு நாள் பிரச்சினை இல்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரே ஒரு ரசமும் ஒரு துவையலும் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். ஞாயிறு ஒருநாள்தான் எதிரே ஒரு முகம் இருக்கும். அந்த ஒரு நாளும் போய்விடக் கூடாதே என்றுதான், சிவகாமி விலாஸ் மூடிய பிறகு, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பைபாஸுக்குப் போவோம் என்று அவர் சம்மதித்தார். போகிற வழியில் வேதமாணிக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என்னவே, ஏழாம் நம்பரு பின்னால வருது."

"வந்தா வரட்டும். வெயிலா இருக்கு, வேமா நடவும்" என்றார் கோமதிநாயகம்.

கறிக்கோட்டையில் மேனேஜர் பெல்வின் விவரமான ஆள். மேசை உள்ளே வந்து ஏசிக்குக் கீழே நின்றதும், அங்கே ஏற்கெனவே இருந்த தன்னுடைய மேசையை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு, "சார், உங்க மேசையா? உக்காருங்க" என்றார். வேதமாணிக்கம் குனிந்து ஒரு பஸ் டிக்கெட்டைக் காலுக்கு அடியில் செருகினார். சுற்றிலும் எலும்பு கடிபடும் சத்தம். கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வேதமாணிக்கம் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"கோபி மஞ்சூரின்னு ஒண்ணு போட்டிருக்கு. முட்டைகோசா, காலிபிளவரா?"

"எதுவோ ஒண்ணைச் சொல்லும்வே. உமக்கும் அதையே சொல்லும்."

"எனக்கும் அதான்" என்றார் வேதமாணிக்கம். ஆட்டுத்தொடை போகிற தட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறும் மேசை வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது, பிறகு ஞாயிறு என்றால் மேசை வரும் நாள் என்று ஊர் தன்னைத் தானே ஒழுங்குபண்ணிக்கொண்டது. ஆட்டோ ஸ்டாண்டில் பன்னிரண்டரை மணி ஆனதும் வண்டிகளை ஓரங்கட்டினார்கள். பூக்காரி ஒருத்தி, சும்மா போகிறதே என்று, ஒரு முழம் கதம்பத்தை அதன் சட்டத்தில் சுற்றிவிட ஆரம்பித்தாள். ரோட்டில் ஓடும் எதற்கும் நம்பர் பிளேட் வேண்டும் என்று டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் கிளம்பினார். ஏழு என்று போட்டிருப்பதைக் காட்டியதும் சல்யூட் அடித்து விட்டுவிட்டார். வாசல்படி ஏறச் சிரமப்படுகிறதென்று பெல்வின் சரிவாக ஒரு சிமெண்டுப் பாதை போட்டுக்கொடுத்தார். மழை நாளில் மேசை நனைந்துகொண்டு வந்தால் துடைப்பதற்கென்று வாசலில் ஒரு துண்டு தொங்கியது. ஆனாலும் மேசையைத் துடைக்கிற வேலையை வேதமாணிக்கம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தன் தோள் துண்டால் கல்லைத் துடைத்து, கால்களைத் துடைத்து, குட்டைக் காலைக் கொஞ்சம் கூடுதலாகத் துடைப்பார்.

மேசை ஏன் நடக்கிறது என்று யாரும் தலையை உடைத்துக்கொள்ளவில்லை. யாருக்குப் பின்னால் நடக்கிறது என்பதில் மட்டும் தேரடித் தெருவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஊரில் சைவம் சாப்பிட இடமில்லாமல் தவிக்கிற மனிதருக்காகச் சைவ ஹோட்டலின் மேசையே எழுந்து வந்திருக்கிறது, வேறென்ன இருக்க முடியும்? இதைக் கேட்கக் கேட்கக் கோமதிநாயகத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு சந்தோஷமாக இருந்தது, பிறகு நியாயமாகவே பட்டது. ஒரு புதன்கிழமை கேஸ் தீர்ந்துபோய் அவர் தனியாகக் கறிக்கோட்டைக்குப் போனார். மேசை வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, தகரக்கால் மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன ஃப்ரைடு ரைஸைத் தின்றுவிட்டு வந்தார். "அதுக்கும் ஞாயித்துக்கிழமைதானே சௌகரியம்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை அன்றைக்கே கொஞ்சம் கீறிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

சைவச் சபைத் தலைவர் ஆவுடையப்பன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரோடு கறிக்கோட்டைக்கே வந்துவிட்டார். அந்த வாசலை மிதித்ததே இல்லை என்று மூன்று தடவை சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கோமதிநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேசைக்கு விபூதிப் பட்டை போட்டார்கள். 'இது சைவ மேசை. அசைவம் வைக்கலாகாது' என்று எழுதிய பலகை ஒன்றை எண்ணுக்குக் கீழே ஆணியடித்தார்கள். ஆணி இறங்கும்போது மேசை ஒருதரம் நடுங்கியது. புல்லரிக்கிறது என்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். "அந்தச் சார் கொஞ்சம் தள்ளி நிக்கணும்" என்று வேதமாணிக்கத்திடம் கேட்டுக்கொண்டார். வேதமாணிக்கம் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைக் கோமதிநாயகம் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். நடுவில் அவர், பக்கத்தில் மேசை, படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முழங்கை மட்டும்.

அந்த முழங்கை மெலிந்துகொண்டே வந்தது. சட்டை தோளை விட்டு இறங்கியது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டைகள் விழுந்தன. கோபி மஞ்சூரியன் பாதிக்கு மேல் தட்டிலேயே கிடந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். ஆனால் கோமதிநாயகம் எதிரே உட்காரவில்லையே. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருந்தார். வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிடப் பிடிக்காமல் அங்கே போன மனிதர், அங்கேயும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது ஞாயிறு. மேசையைச் சுற்றிச் சபைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள், செல்போனில் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் சிலர் நின்றார்கள். வேதமாணிக்கம் வழக்கம்போலக் குனிந்து ஒரு காகிதத்தைச் செருகினார். நிமிர்வதற்கு மட்டும் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"வே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்."

"இன்னைக்கு ஒரு மட்டன் சுக்கா சொல்லிக்கிடட்டுமா? ஒரே ஒரு பிளேட்டு."

கோமதிநாயகம் கைக்குட்டைக்குள்ளிருந்து, "உம்ம வாய், உம்ம வயிறு. என்கிட்ட எதுக்குவே கேக்கீரு?" என்றார். சொல்லும்போது அது பெருந்தன்மையாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் சுக்கா வந்து, மிளகும் கறிவேப்பிலையுமாக ஆவி பறக்கச் சலவைக்கல்லின் மஞ்சள் வட்டத்தில் உட்கார்ந்ததும், ஆவுடையப்பன் இருமினார். யாரோ 'ச்சே' என்றார்கள். செல்போன்கள் எல்லாம் கோமதிநாயகத்தின் முகத்துக்குத் திரும்பின. அந்த நிமிஷத்தில் அவர் ஒரு நண்பனுக்கு நண்பனாக இருக்கவில்லை. பலகை அடித்த மேசைக்குச் சொந்தக்காரராக இருந்தார்.

"வே, இங்க வேண்டாம். அந்தா பக்கத்து மேசையில போயித் தின்னுட்டு வாரும்."

வேதமாணிக்கம் தட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான்வே" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போய், முதுகு காட்டி உட்கார்ந்தார். அப்போது ஏழாம் நம்பர் மேசை இருந்த இடத்திலிருந்து அரை அடி அந்தப் பக்கமாக நகர்ந்தது. தரை வாட்டம் என்று சொல்லிச் சபைக்காரர்கள் இழுத்து நேராக வைத்தார்கள். மறுபடி நகர்ந்தது. மறுபடி இழுத்து வைத்தார்கள். வேதமாணிக்கம் இரண்டு வாய் தின்றார். மூன்றாவதை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தார். கை கழுவி வந்து, எப்போதும்போல, "வாரேன்வே" என்றார். எப்போதும்போல என்றுதான் கோமதிநாயகத்துக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு வேதமாணிக்கம் வரவில்லை, மேசையும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போல, தானாக ஆறும் என்று கோமதிநாயகம் இருந்தார். மேசை வராததுதான் அவருக்கு வேதனையாக இருந்தது. கறி பட்ட தீட்டு என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு பூட்டிக் கிடந்த சிவகாமி விலாஸ் வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் காட்டி, மேசையைத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். கோமதிநாயகமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வடக்குத் தெருவிலிருந்து வந்த ஒரு பால்காரர் அதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சைக்கிளை மிதித்துப் போனார். வடக்குத் தெருவுக்குத் தெரிந்தது தேரடித் தெருவுக்குத் தெரியாது. ஆலங்கரை அப்படிப்பட்ட ஊர்.

மூன்றாவது ஞாயிறு கோமதிநாயகம் பசிக்காகக் கறிக்கோட்டைக்குப் போனார். மேசை துடைக்கிற அம்மாள் வந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"அண்ணாச்சி, உங்க மேசை கடைசியா வந்த அன்னைக்கு அதுக்கு அடியில கிடந்துச்சி. ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கேன்னு எடுத்து வச்சேன்."

நாலு மடிப்பைப் பிரித்தார். ஸ்கேன் சென்டர் பெயர், வேதமாணிக்கத்தின் பெயர், வயது அறுபத்து மூன்று, அதற்குக் கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் அவருக்குப் புரியாத இங்கிலீஷ் இல்லை. தேதியைப் பார்த்தார். நாலு மாசத்துக்கு முந்திய தேதி. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேதான் வேதமாணிக்கம் தன்னோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குப் புரிந்தது.

எழுந்து கவுன்டருக்குப் போனார்.

"ஒரு மட்டன் சுக்கா. பார்சல்."

"சார், யாருக்கு?" என்றார் பெல்வின்.

"எனக்குத்தான்னு வச்சுக்கிடும். நல்லா, எண்ணெய் கூட ஊத்தி, பஞ்சா வேகவச்ச கறியாப் பாத்துப் போடச் சொல்லும்."

எலும்பு கடிக்கும் சத்தம் அந்தக் கடையில் முதல் முறையாக நின்றது. இலையில் வைத்துக் கட்டிய பொட்டலத்தைப் பையில்கூடப் போட்டுக்கொள்ளாமல், இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, எண்ணெய் கசிந்து மணிக்கட்டு வழியாக இறங்க இறங்க, கோமதிநாயகம் பைபாஸ் ரோட்டில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, பொன்னாடை போர்த்தியவர்கள் எல்லாம் பார்க்கத் தேரடித் தெரு முழுக்க நடந்து, முப்பத்தோரு வருஷத்தில் நாலைந்து தடவைக்கு மேல் போயிராத வடக்குத் தெருவுக்குள் நுழைந்தார்.

வேதமாணிக்கத்தின் வீட்டுப் பக்கத்து முடுக்கில், படுக்கை போட்டிருந்த அறையின் ஜன்னலை ஒட்டி, ஏழாம் நம்பர் மேசை நின்றது. கல்லின் மேல் மருந்துக் குப்பிகள், ஒரு கஞ்சி டம்ளர், ஒரு பைபிள். பலகையில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். வேதமாணிக்கத்தின் மனைவி எஸ்தர் ஜன்னலுக்கு உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி."

"இது எப்பம்மா இங்க வந்துச்சி?"

"எது, மேசையா? ஹோட்டலு மூடுன பெறகு அது எப்பவும் இங்கதான அண்ணாச்சி கிடக்கும்? ஞாயித்துக்கிழமை அவுக சர்ச்சுக்குப் போனா சர்ச்சு வாசல்ல போயி நிக்கும். அவுக வெளிய வந்ததும் பின்னாலயே வரும். சாப்பிட்டு வந்தாகன்னா அதுவும் கூடவே வந்துரும். உங்களுக்குத் தெரியாதா?"

கோமதிநாயகம் பொட்டலத்தை வைத்துக்கொண்டு முடுக்கிலேயே நின்றார். எஸ்தர் அவர் கையைப் பார்த்தார், எண்ணெயைப் பார்த்தார், அது என்னவென்று வாசனையிலேயே தெரிந்துகொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார்.

"கல்யாணமாகி வந்ததுலருந்து ஞாயித்துக்கிழமை கறி எடுத்தா அவுகளுக்குன்னு நாலு துண்டு எடுத்து வைப்பேன். போறதுக்கு முன்னால தொடமாட்டாக, கோமதிக்கு வாசனை ஆகாதும்பாக. வந்த பெறகு வயித்துல எடம் இருக்காது. சாயந்தரம் பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். இப்பம் டாக்டரு, ஆசைப்பட்டதைக் குடுங்கன்னாரு. நான் கறிக்கொழம்பு வைக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், இந்த ஞாயித்துக்கிழமை அவனோட உக்காந்து ஒருநாள் திங்கணும்னு சொல்லிட்டுல்லா அன்னைக்கு வந்தாக."

கறி தின்ன அல்ல, தன் எதிரே உட்கார்ந்து தின்னத்தான் வந்திருக்கிறார். அந்த ஒன்றைத்தான் கோமதிநாயகம் பக்கத்து மேசைக்கு அனுப்பியிருந்தார். இனி எதைச் சொல்லி இதை ஆற்றுவது? உள்ளே போனார். கட்டிலில் வேதமாணிக்கம் பாதியாகக் கிடந்தார். ஜன்னல் வழியாக மேசையின் ஓரத்தில் ஒரு கையை வைத்திருந்தார்.

"வாரும்வே" என்றார். குரல் அடித்தொண்டையில் இருந்தது. "என்ன அது கையில?"

"சுக்கா."

"நீரா வாங்குனீரு?"

கோமதிநாயகம் பொட்டலத்தைப் பிரித்தார். வாசனை முகத்தில் அடித்ததும் தலை தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது. அறுபது வருஷத்துப் பழக்கம் ஒரே நாளில் விட்டுப் போய்விடுமா? கைக்குட்டை சட்டைப் பையில் இருந்தது. கை அந்தப் பக்கம் போகவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்கு நேராக இழுத்துப்போட்டு, முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்தார். வேதமாணிக்கம் கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்தார்.

"நல்ல வாசனைவே."

"ஆமாவே. நல்ல வாசனை."

ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தன் விரலால் பிய்த்து, இன்னும் பிய்த்து, நாராக்கி, அவர் உதட்டில் வைத்தார். வேதமாணிக்கம் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை. எஸ்தர் வந்து துணியால் எடுத்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் இறங்கியிருக்கும்.

"மேசை உம்ம பின்னாலதான் வந்துச்சின்னு எனக்குச் சொல்லியிருக்கலாம்லாவே" என்றார் கோமதிநாயகம். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"நீரு சந்தோசமா இருந்தீரு. பொன்னாடை எல்லாம் போட்டாவ. எதுக்குவே கெடுக்கணும்?"

"என்னை மன்னிச்சிரும்வே."

வேதமாணிக்கத்தின் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாரா, கேட்கவில்லையா, கேட்டும் சொல்ல ஒன்றுமில்லையா என்பது கோமதிநாயகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. பொட்டலம் ஆறி, எண்ணெய் வெள்ளையாக உறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை விடியலில் வேதமாணிக்கம் போய்ச் சேர்ந்தார். மாலை நாலு மணிக்கு எடுத்தார்கள். சவப்பெட்டி வைத்த வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் நடந்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் ஏழாம் நம்பர் மேசை நடந்தது, மேசைக்குப் பின்னால் கோமதிநாயகம் நடந்தார். தேரடித் தெருவில் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது. ஆட்டோக்கள் ஓரங்கட்டின. பூக்காரி கதம்பத்தைக் கொண்டுவந்து, ஒருகணம் நின்று, மேசைக்குப் போடாமல் பெட்டியின் மேல் போட்டாள். ரயில்வே கேட்டில் எல்லோரும் நின்றபோது மேசையும் நின்றது. அங்கே ஆவுடையப்பன் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு குறடு எடுத்து, குனிந்து பலகையின் ஆணிகளைப் பிடுங்கி, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் கேட்டின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். மேசையைப் பார்த்ததும் மற்றக் கதவையும் திறந்தார்.

மண் தள்ளி எல்லோரும் கலைந்த பிறகும் மேசை மண்மேட்டின் கால்மாட்டில் நின்றது. மறுநாளும் நின்றது. யார் தூக்கியும் கிளம்பவில்லை, யாரும் பெரிதாகத் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குக் கோமதிநாயகம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. குட்டைக் காலுக்கு அடியில் ஒன்றும் இல்லாததால், புல்தரையில் மேசை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையைத் தடவினார். பஸ் டிக்கெட் இல்லை, சீட்டு இல்லை, எந்தக் காகிதமும் இல்லை. கைக்குட்டை ஒன்றுதான் இருந்தது.

எடுத்து நாலாக மடித்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மேசைக்காக ஒருநாளும் குனிந்திராத மனிதர் முழங்காலிட்டு, ஒரு கையால் சலவைக்கல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, குட்டைக் காலைத் தூக்கி, அதற்கு அடியில் கைக்குட்டையைச் செருகினார். கையை எடுத்ததும் மேசை ஆடாமல் நின்றது.